பிரிக்காத நானூறு பெட்டிகள்

எங்கள் சர்வர் கூடத்தில் அவளுக்குத் திருப்புளி என்று பெயர். வைத்தவர் அவளுடைய அக்கா புருஷன். பழுதான சர்வரைத் திருகு கழற்றிப் பிரித்துப் புது ப்ராசஸர் மாட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பக்கத்து மேசைக்காரன் நான், பதினொரு வருஷம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அந்த மனிதரின் வீட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் பங்குச் சந்தைக் கூட்டம் நடக்கும். எந்தக் கம்பெனி ப்ராசஸர் எந்தக் கம்பெனியை விழுங்கும் என்று இருபது பேர் வாய் கிழியப் பேசுவார்கள். ஒருத்தரும் ஒரு ப்ராசஸரைக் கையால் தொட்டதில்லை. ஒருநாள் அவர் உளறியதை இவள் திருத்தப் போனாள்.

"திருப்புளி பிடிக்கிறவங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா. நீ போய் டீ கொண்டா."

இருபது பேரும் சிரித்தார்கள். கதவோரம் நின்ற அக்காவும் சிரித்தாள். அதுதான் இவளுக்கு ஆறவே இல்லை. மறுநாள் எங்களிடம், "இனிமே என்னை அப்படியே கூப்பிடுங்க, எனக்கு மறந்துடக் கூடாது" என்றாள்.

நாலு வருஷம் கழித்து அவரே தேடி வந்தார்.

"புது ப்ராசஸர் போட்ட சர்வர் உங்க இடத்துக்கு எத்தனை பெட்டி வந்திருக்கு? அதை மட்டும் சொல்லு. நிறைய வந்திருந்தா வீட்டை அடமானம் வச்சு அந்தப் பங்குல போடப் போறேன்."

அது இவளுடைய அப்பா கட்டி, அக்காவுக்குக் கல்யாணத்தில் கொடுத்த வீடு.

"நானூறு பெட்டி, அத்தான்."

பொய்யில்லை. நானூறும் கிடங்கில் கூரை முட்ட நின்றன. ஆனால் ஒன்றைக்கூட நாங்கள் பிரிக்கவில்லை. மாதிரிக்கு முன்பே வந்த நாலும் அடுப்பாய்க் கொதித்ததால், அத்தனையையும் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. வந்து இறங்கிய பெட்டியெல்லாம் விற்ற பெட்டி என்று நினைப்பது அந்தக் கூட்டத்தின் புத்தி. மாட்டியது எத்தனை என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

அவர் போனதும் நான், "அக்காகிட்டயாவது சொல்லிடேன்" என்றேன்.

"அவளும்தான் சிரிச்சா."

பெட்டிகள் திரும்பிப் போன செய்தி பரவி, மூன்றே மாதத்தில் அந்தப் பங்கு தரைதட்டியது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கலைந்தது, வீடும் கைமாறியது.

காலி செய்கிற அன்று சாமான் தூக்க என்னையும் அழைத்துப் போனாள். வெறும் கூடத்தில் நின்று அவர் கேட்டார்: "பெட்டியெல்லாம் திரும்பப் போறது உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும். எத்தனை வந்துச்சுன்னுதானே கேட்டீங்க? திருப்புளி பிடிக்கிறவங்களுக்கு மத்ததெல்லாம் புரியாதே, அத்தான்."

அவர் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். எனக்கு மனசு குளிர்ந்தது, மறைப்பானேன். அக்கா மட்டும் அழவுமில்லை, திட்டவுமில்லை. தங்கையைப் பார்த்து வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

"அப்பா பேர் போட்ட பலகை கையால வரமாட்டேங்குது. திருப்புளி வச்சிருக்கியா?"

வைத்திருந்தாள். மொத்தம் நாலே திருகு. ஒரு நாளைக்கு நூறு திருகு கழற்றுகிறவளுக்கு நாலாவது மட்டும் வெகுநேரம் வரவில்லை.