பலகையை மட்டும் பார்த்த சுற்று

எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகக் குருக்கள்மடத்தில் பிறந்தவர் அண்ணா. அப்பா காலமானதும் பள்ளிக்கூடத்தை விட்டு, மட்டக்களப்பு நகரில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் ஒன்றில் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தவர் அவரே. நான் படித்ததைவிட ஓடித்திரிந்ததுதான் அதிகம் என்பது ஊருக்கே தெரியும். "சொன்ன பேச்சுக் கேளாத கழுதை" என்று ஏசுவார். ஏசிக்கொண்டே சோறு போடுவார்.

அந்த ஓட்டம் வீணாகக்கூடாது என்றுதான் பந்தய அணியைத் தொடங்கினார். அணி என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். கழித்துப்போட்ட பாகங்களைக் கொண்டு அண்ணா உருவாக்கிய ஒரு மோட்டார் சைக்கிள், அதை ஓட்ட நான், ஏற்றி இறக்க அண்ணியின் தம்பியான மச்சான். அறுவடை முடிந்த வயல்வட்டையில் ஓட்டிப் பழகுவோம். "மாடு மேயிற வட்டைக்குள்ள என்ன கூத்து மனே இது?" என்று வயற்காரர் சத்தம் போடுவார். அண்ணா சிரித்துக்கொண்டே உடைந்த வரம்பைக் கட்டிக் கொடுப்பார். நாங்கள் கடைசியாக வந்த நாட்களிலும், வென்றவரின் மோட்டார் சைக்கிளில் ஏதாவது கோளாறு என்றால் முதலில் குனிபவர் அவர்தான்.

மீதிச் சுற்றுகளைச் சோக்கால் எழுதிய கரும்பலகையுடன் வளைவில் நிற்பது அண்ணாவின் வேலை. "தம்பி, பலகைய மட்டும் பார். என்ட முகத்தப் பாத்தா விழுவாய்" என்பார். நான் முகத்தைத்தான் பார்ப்பேன். சிரித்தால் முறுக்குவேன், பல்லைக் கடித்தால் வேகத்தைக் குறைப்பேன். இறங்கியதும் ஏச்சு விழும்.

கடைசிப் பந்தயத்தில், அணியின் வரலாற்றிலேயே முதன்முறையாக, நான் முன்னால் வந்துகொண்டிருந்தேன். இன்றைக்காவது அவர் சொன்னபடி ஓடுவோம் என்று நினைத்தேன். இறுதிச் சுற்றுக்குள் நுழையும்போது பலகை நிலத்தோடு தாழ்ந்திருந்தது. அதில் ஒன்று என்ற இலக்கத்தைப் பார்த்தேன். போய்விட்டேன்.

வென்று திரும்பியபோது அண்ணா நெஞ்சைப் பிடித்தபடி மச்சானின் மடியில் கிடந்தார். மச்சான் என்னை மறிக்க எழும்பினாராம். "விடு, அவன் முன்னுக்கு வாறான். பலகையப் பிடி" என்றாராம் அண்ணா. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. நான் நின்றிருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. நினைவு தப்புமுன் அவர் கையையாவது பிடித்திருப்பேன்.

பந்தயத்தை மறந்து தம் வாகனத்தில் அண்ணாவை ஏற்றிக்கொண்டு ஓடிய போட்டி அணியினருக்கும், பாடை சுமந்த அந்த வயற்காரருக்கும், இன்றோடு நிறையும் முப்பத்தொரு நாளும் அண்ணியைத் தனியே விடாத அயலவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அண்ணா, வாழ்நாளெல்லாம் உங்கள் பேச்சைக் கேட்காதவன் நான். அன்றைக்கும் கேட்காமல் இருந்திருக்கலாமே.