ஒட்டக மூத்திரமாகிப்போன எங்கள் பூவல்

1. பலகை

ஏஜென்சிக்காரர் என்னை லண்டன் மியூசியத்துக்குக் காவலுக்கு அனுப்பிய முதல் நாள் சொன்ன சட்டம் ஒன்றுதான்: நிற்க வேண்டும், பேசக் கூடாது. பென்ஷனுக்கு எட்டு மாதம் இருந்தது. அதுவரை நிற்க என் கால்கள் சம்மதித்திருந்தன. வாய்தான் கெடுத்தது.

எனக்குக் கிடைத்த அறை ஒரு பாலைவன ஊற்றைப் பற்றியது. இரண்டு நாட்டு எல்லையில் ஓர் ஊற்று, அதைச் சுற்றி ஓர் ஊர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எட்டு மணித்தியாலம் ஒரே பலகைக்கு முன்னால் நின்றால் ஆடும் இங்கிலிஷ் வாசிக்கும். மூன்றாம் நாள் எழுத்துக் கூட்டி முடித்தேன். ஊற்றின் பெயர் ‘பவல்’. அந்த ஊர்ப் பாஷையில் மூத்திரம் என்று பொருளாம். தண்ணீரின் கைப்பினாலோ ஒட்டகங்களின் புண்ணியத்தினாலோ பண்டைக் காலத்து மக்கள் அப்படி வைத்திருக்கலாமாம்.

பண்டைக் காலத்து மக்களில் ஒருவன் நான். மற்றவன் மரியதாஸ்.

2. பண்டைக் காலம்

மரியதாஸ் மன்னாரான். லண்டனுக்கு வருமுன் நாங்கள் இருவரும் அந்த எல்லையில் ரோட்டுப் போடும் கம்பனியில் கூலிகள். அங்கே அப்போது இருந்தது மூன்று கூடாரமும் ஒரு போலீஸ்காரனும்தான். சோற்றில் பாதி மணல். அந்தச் சோற்றைப் பற்றித் தனியாக எழுதலாம், விடுங்கள்.

ஒருமுறை தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி மூன்று நாள் வரவில்லை. கம்பனி இஞ்சினியர் மேப்பை விரித்து, இங்கே தண்ணீர் இல்லை என்று உறுதியாகக் கண்டுபிடித்தார். ஓர் ஒட்டகம் மட்டும் பள்ளமொன்றில் மணலை மோந்துகொண்டு நின்றது. மேப் பார்க்கத் தெரியாத ஒட்டகம்.

மரியதாஸ் அந்த இடத்தில் மண்வெட்டியைப் போட்டான். எங்கள் கரையோரங்களில் நல்ல தண்ணீருக்காக மணலில் தோண்டுகிற குழியைப் பூவல் என்போம். இடுப்பளவு ஆழத்தில் ஊறியது. போலீஸ்காரன் வந்து, இது என்ன என்று கையால் கேட்டான். மரியதாஸ் நெஞ்சை நிமிர்த்தி, “பூவல்!” என்றான்.

போலீஸ்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஏனென்று எங்களுக்கு விளங்கவில்லை. பகிடிக்குத் தன் காதில் விழுந்ததை ஒரு தகரத்தில் எழுதி நட்டும் விட்டான். பிறகு தேத்தண்ணிக் கடை, பள்ளிவாசல், பெற்றோல் செட், செக் போஸ்ட் எல்லாம் அந்தத் தகரத்தைச் சுற்றித்தான் வந்தன. பெயரை மாற்ற எவருக்கும் நேரம் இருக்கவில்லை.

3. விசாரணை

ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பலகையை வாசித்துவிட்டு மூக்கைச் சுளித்தார். பொறுக்க முடியாமல், தெரிந்த இங்கிலிஷில் உள்ளதைச் சொன்னேன். அவர் என்னைப் பாராட்டி மேலிடத்துக்கு எழுதினார். பாராட்டில்தான் மாட்டுப்பட்டேன்.

சூப்பர்வைசர் சுதா, லண்டன் செவன் கிங்ஸ் பக்கத்து எங்கள் தமிழ்ப் பிள்ளை. அறைக்குள் கூப்பிட்டாள். பலகையை எழுதிய படித்த அம்மாவும் இருந்தார்.

“அங்கிள், கதைக்கக் கூடாதெண்டது மறந்துபோச்சோ?”

“மறக்கேல்லை பிள்ளை. மூத்திரமெண்டு எழுதியிருக்கேக்க எப்பிடிப் பேசாமல் நிக்கிறது?”

“இனி ஷிப்ட் தர ஏலாதெண்டு ஏஜென்சி சொல்லுது. எட்டு மாசம் வாயை மூடிக்கொண்டு நிண்டிருக்கலாமே!”

அந்த அம்மா, இதற்கு ஆதாரம் உண்டா என்று இங்கிலிஷில் கேட்டார்.

“இருக்குதெண்டு சொல்லு பிள்ளை. பிளேஸ்டோவில, முழங்கால் நோவோட இருக்குது.”

சுதா ஆதாரத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

“ஆரடா அப்பிடி எழுதினது?” என்று கத்தினான் மரியதாஸ். “முதல் ஊறின தண்ணியை நான் குடிக்காமல் உனக்கெல்லோ அள்ளித் தந்தனான்! மூத்திரமெண்டால் குடிச்சுப்போட்டு மற்றக் கையையும் நீட்டியிருப்பியோடா?”

சுதா அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். அந்த அம்மா பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார்.

4. தீர்ப்பு

வேலை தப்பியது. ஆனால் அறை இல்லை. வருகிறவர்களின் கோட்டை வாங்கிக் கொக்கியில் கொழுவுகிற வேலை. கோட்டுகளுக்கு நான் எதையும் விளக்க மாட்டேன் என்று நம்பினார்கள். பலகையில் ஒரு வரி சேர்ந்தது: தெற்காசியத் தொழிலாளர் சிலர் வேறு விளக்கம் சொல்வதாகக் கேள்வி, உறுதியில்லை.

மரியதாஸ் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தான். கோட்டைக் கழற்றித் தந்துவிட்டு உள்ளே போனான். நேரம் எடுத்துத் திரும்பி வந்தான்.

“ஒட்டகத்துக்கு இந்தாப் பெரிய படம் வைச்சிருக்கிறாங்கள். நீயும் நானும் ‘சிலர்’.”

“இடத்தைக் காட்டினது அதுதானேடா.”

“ஓம், அதுவும் சரி,” என்று கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டான்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒன்றைத் தோண்டினால், அதன் பெயரைச் சொல்லுமுன் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். தகரம் நடுகிறவன் முதலில் கேட்டதைத்தான் எழுதுவான்.