கட்டைவிரலில் இருந்த குரல்

என் வீட்டுக்காரர் கோரிப்பாளையத்தில் ஒரு வண்டி உதிரிபாகக் கடையில் காலம் பூராவும் நின்று, பேசியே பிழைத்தவர். பிரேக் ஷூ கேட்டு வருகிறவன் தலையில் கிளட்ச் கேபிளையும் கட்டி, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்புவார். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. அப்படிப்பட்ட மனுசனுக்கு முதலில் நாக்குத்தான் போக வேண்டுமா? நரம்பு நோய் என்றார்கள். நாக்கு, கால், கை என்று ஒவ்வொன்றாக அடங்கிவிடும், அறிவு மட்டும் கடைசிவரை அப்படியே இருக்கும் என்றார் டாக்டர். அதை ஆறுதலாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கொஞ்ச நாள் நான்தான் அவருக்கு வாய். க வரிசையா, ச வரிசையா, த வரிசையா என்று சொல்லிக்கொண்டே வருவேன். வேண்டிய இடத்தில் கண்ணைச் சிமிட்டுவார். பிறகு த, தா, தி, தீ. ஓர் எழுத்து வந்ததுமே மிச்சத்தை நானே முடித்துவிடுவேன். தண்ணிக்கு அவர் ஆரம்பித்தால் தலகாணியா என்பேன். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது, அடுப்பில் வேறு ஏதாவது கிடக்கும். அவருக்குக் கோபத்தில் மூக்கு விடைக்கும்.

கனடாவில் இருக்கும் எங்கள் மகள் நாலு பேரிடம் விசாரித்து, ஓர் இன்ஜினியரிங் பையன் செய்த மென்பொருளைப் பிடித்துக் கொடுத்தாள். லேப்டாப் திரையில் தமிழ் எழுத்துகள் வரிசையாக இருக்கும். ஒரு வெளிச்சம் ஒவ்வொன்றின் மேலும் நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய எழுத்துக்கு வரும்போது கட்டைவிரலுக்கு அடியில் உள்ள பொத்தானை அமுக்க வேண்டும். வாக்கியம் முடிந்ததும் ஓர் ஆண் குரல் அதை வாசிக்கும், செய்தி வாசிக்கிற தினுசில். அந்தக் குரலில் அவர் சொன்ன முதல் வாக்கியம்: "இனி நீ பேசாத, நான் பேசிக்கிறேன்." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதன்பிறகு சட்னியில் உப்பில்லை என்பதைக்கூட அந்தச் செய்திக்காரர்தான் எனக்கு அறிவித்தார்.

மகளுக்குத் தலைப்பிரசவம் வந்தது. பெற்றவள் போய் நிற்க வேண்டிய பிரசவம். இவரை யாரிடம் விட்டுப் போவது? நான் போகவில்லை. பேத்தியின் முகத்தைப் போனில்தான் பார்த்தோம். மகள் தனியாகக் குழந்தையோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கப் பார்க்க இவர் முகம் வாடிப்போகும். அவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் அந்தக் குரலில் சொன்னார்: "பாப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும். நானே சொல்லணும். அப்ப நீ இங்க இருக்காத."

அப்பனுக்கும் மகளுக்கும் என்னை வெளியே நிறுத்திவிட்டு அப்படி என்ன ரகசியம்? உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டுதான் பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். நான் வருவதற்குள் அவர் எழுதி வைத்துவிடுவார். மகள் கூப்பிட்டதும் போனை அவர் முன்னால் வைத்துவிட்டு நான் வாசலுக்குப் போய்விட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

திரும்பி வந்தால் திரையில் எழுத்துகளே இல்லை. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அணைத்துவிடாதீர்கள் என்று கீழே ஒரு வரி. கொஞ்ச காலமாகவே அந்த லேப்டாப் புது சிஸ்டத்துக்கு மாறச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தது. நான் அப்புறம் அப்புறம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அன்று அவர் எழுதிக்கொண்டிருக்கையில் அந்த அறிவிப்பு எழுத்துகளை மறைத்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறது. எழுத்துக்கென்று அவர் அமுக்கியது 'சரி' என்பதில் விழுந்துவிட்டது. வேண்டாம் என்று தள்ள அவருக்கு இன்னொரு விரல் இல்லை. நான் பார்க்கும்போது அவர் கண்ணோரம் நனைந்திருந்தது.

கோரிப்பாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பாய், இவருக்குப் பழைய சிநேகிதர். மறுநாளே வந்தார். மென்பொருளைத் திறந்தால் ஒரு மின்னு மின்னிவிட்டு மூடிக்கொண்டது. பழைய சிஸ்டத்துக்கே திரும்பிவிடலாம் என்று பார்த்தார். இடம் போதவில்லை என்று அது பழையதைத் துடைத்தே விட்டிருந்தது. பழைய சிஸ்டம் மாதிரி நடிக்கவைக்கும் ஒரு வசதி உண்டாம். அதைப் போட்டதும் திறந்தது, ஆனால் எழுத்துகள் இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள். எழுத்துருவை ஏற்றினார், எழுத்து வந்தது, குரல் வரவில்லை. வேறொரு குரலைத் தேடிப் பிடித்தார், அது பெண் குரல். பரவாயில்லை, என்னை மாதிரியே பேசட்டும் என்றேன். கடைசியில் பொத்தானை அந்தச் சிஸ்டம் சீண்டவே இல்லை. "ஒண்ணச் சரி பண்ணா இன்னொண்ணு படுத்துதுக்கா" என்று பாய் தலையைச் சொறிந்தார்.

பொத்தானை லேப்டாப்போடு சேர்த்துவைக்க டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள் வேண்டுமாம், அது அந்த இன்ஜினியரிங் பையனிடம்தான் இருந்தது. அவன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான், போனை எடுக்கவில்லை. ராசா, நல்லா இருப்ப, எடுய்யா என்று கெஞ்சிக் குரல்பதிவு அனுப்பினேன், திட்டியும் அனுப்பினேன். ஆடி போய் ஆவணியும் போனது. மறுபடி நானே வரிசை சொல்ல ஆரம்பித்தேன். தண்ணி, முதுகு, ஃபேன் என்று தேவையானதற்கு மட்டும் கண்ணைச் சிமிட்டினார். பாப்பாவிடம் என்ன சொல்ல வேண்டும், என்னிடம் சொல்லுங்கள் என்றால் கண்ணை மூடிக்கொள்வார். என் வழியாக அதைச் சொல்ல அவருக்கு மனமில்லை. மெஷினுக்காகக் காத்திருந்தார்.

அழகர்கோவில் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம் பாய் நனைந்தபடி வந்தார். பையன் ஒருவழியாக டிரைவரை அனுப்பிவிட்டான். பாய் தன் விரலாலேயே அமுக்கி வணக்கம் என்று எழுதினார். மெஷின் வணக்கம் சொன்னது. எனக்கு அந்த இடத்திலேயே அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. பொத்தானை எடுத்து இவர் கட்டைவிரலுக்கு அடியில் வைத்தார்.

வெளிச்சம் அகரத்திலிருந்து கிளம்பி எல்லா எழுத்தையும் சுற்றிவிட்டு மறுபடி அகரத்துக்கு வந்தது. பாய் ஒயரைப் பிடுங்கிச் செருகினார். மறுபடி ஒரு சுற்று. லேப்டாப்பை அணைத்துப் போட்டார், பொத்தானைக் கழற்றி ஊதினார், அந்த டிரைவரை முதலிலிருந்து ஏற்றினார். நான் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் அமுக்கிக்கொண்டுதான் இருந்தார். நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. விரல்தான் அசையவில்லை.

"பாய், ஒயர்ல ஒண்ணுமில்ல. விட்டுருங்க" என்றேன்.

பாய் நிமிரவில்லை. பொத்தானை இவர் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், தாடைக்கு அடியில் வைத்துப் பார்த்தார். தலையே நிற்காதவருக்கு அது எப்படிச் சரிப்படும்? கடைசியில் வாரேன்க்கா என்று தன் செருப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு மழையிலேயே போய்விட்டார்.

அந்த வாரம் மகள் கூப்பிட்டாள். பேச்சு ஓய்ந்ததும் இவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தார். எழுத்து கேட்கிறார். போனை மடியில் நிறுத்திக்கொண்டு வரிசை சொன்னேன். அ வந்தது. ம் வந்தது. அம்மாவ என்பதுவரை வந்தது. எப்போதும் முந்திக்கொள்கிற எனக்கு அன்று அடுத்த சொல் வாயில் வரவில்லை. த, னி, யா. வி, டா, த. நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன், அவர் நிறுத்தவில்லை. நான் என்று ஆரம்பித்து மேலும் கொஞ்சம் சொன்னார். என்னை அனுப்பிவிட்டு, என் காதில் விழாமல் மகளிடம் சொல்ல நினைத்தது அம்புட்டும் இப்போது என் வாயிலேயே எழுத்து எழுத்தாக வந்து நின்றது.

"அப்பா என்னம்மா சொல்றாங்க?" என்றாள் மகள்.

சாப்பிட்டியான்னு கேக்குறாரு என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. இவர் கண் என்னை விடவில்லை.

"அம்மாவத் தனியா விடாத. நான் போனதும் உங்கூடக் கூட்டிட்டுப் போயிரு."

மூச்சு விட்டுக்கொண்டு பக்கத்தில் கிடக்கிற மனுசனுக்காக, 'நான் போனதும்' என்பதை என் வாயால் சொன்னேன். மகள் போனைக் கீழே வைத்துவிட்டாள் போல, அவர்கள் வீட்டு வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது, அவள் அழுவது கேட்டது. ஓர் எழுத்தும் விடாமல் நான் சரியாகத்தான் சொன்னேன் என்று இவர் ஒரு முறை கண்ணைச் சிமிட்டினார்.