பக்கத்து வீட்டு ஜன்னலில் செங்காந்தள்

பெங்களூர் ஆடுகோடியில் நாங்கள் வாடகைக்குப் போன வீட்டின் முன்னால் கொஞ்சம் மண் இருந்தது. தர்மபுரித் தோழி தந்த செங்காந்தள் கிழங்கை மதில் ஓரமாகப் புதைத்தேன். மழை தொடங்கியதும் முளைத்தது. இலை நுனியாலேயே சுற்றிப் பிடித்து ஏறும் கொடி அது. நான் கட்டிய கயிற்றை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

அந்த வீட்டுக்காரர் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்திலிருந்து பெங்களூர்க்காரர்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்ட தமிழர்.

“இது விஷச் செடிம்மா. எங்க நாய் தின்னா யார் பொறுப்பு?”

“கொடியை இந்தப் பக்கம் இழுத்துக் கட்டிடறேன் சார்.”

“கட்டறது பேடா, வேணாம். பிடுங்கிப் போடு. வாடகைக்கு வந்தவங்க அந்த மாதிரி இருக்கணும்.”

நான் பிடுங்கவில்லை, இழுத்துக் கட்டினேன். இரண்டு நாளில், பொம்மசந்திராவில் வேலை முடிந்து திரும்பினால், கொடி அடியோடு வெட்டப்பட்டு என் வாசற்படியில் கிடந்தது. மொட்டுகள்கூட வாடியிருக்கவில்லை.

நேராகப் போய் அவர் கதவைத் தட்டினேன்.

“ஆமா, நான்தான் வெட்டினேன். என்ன பண்ணுவே?”

“இன்னொரு தடவை என் கேட்டைத் திறந்தீங்கன்னா போலீஸுக்குப் போவேன்.”

அவர் சிரித்தார். பின்னால் அவர் மனைவி நாயைப் பிடித்தபடி நின்றிருந்தார். வாயே திறக்கவில்லை. அந்தச் சிரிப்பைவிட அந்த மௌனம்தான் எனக்கு எரிந்தது.

கேட்டுக்குப் பூட்டு வாங்கினேன். கிழங்கு பிழைத்திருந்தது, அடுத்த மழைக்கு மறுபடி முளைத்தது. பூ ஆசையில் நான் அதை வளர்க்கவில்லை. தினமும் அவர் கண்ணில் படட்டும் என்றுதான் வளர்த்தேன். மஞ்சளும் சிவப்புமாக மதில் முழுக்கப் பூத்தது.

கௌரி பண்டிகைக்கு முதல் நாள் சாயங்காலம் அவர் மனைவி கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

“இங்க இதை கௌரி ஹூவு, கௌரிப் பூன்னுதான் சொல்லுவோம். பூஜைக்கு ரெண்டு பூ குடும்மா. கடையில கிடைக்கலை.”

“விஷச் செடியாச்சே?”

“அவர் வெட்டப் போனப்ப நான் வேணாம்னுதான் சொன்னேன்.”

“அதை அன்னைக்கு என் எதிர்ல சொல்லியிருக்கணும் மாமி.”

 நான் பூட்டைத் திறக்கவில்லை. அவர் போய்விட்டார்.

மறுநாள் அந்த வீட்டில் பூஜை மணி கேட்டது. பூக்கள் கொடியிலேயே காய்ந்தன; நானும் ஒன்றைக்கூடப் பறிக்கவில்லை. அந்த வீட்டோடு இன்றுவரை பேச்சில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.