முனிரத்தினத்தின் இடது கை

முனிரத்தினம் அண்ணனைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி, எழுதினால் எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள், இல்லாவிட்டால் சும்மா இருக்கச் சொன்னாள். அவள் சொல்வது நியாயம்தான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டவன் நான்.

சித்தூரிலிருந்து தமிழ்நாட்டு எல்லைக்குப் போகும் வழியில், கரும்புக் காடுகளுக்கு நடுவில் அவருடைய ஊர். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியவர்கள். ஒரு மார்கழி மாதம் ஊர் பஜனைக் கோஷ்டியில் டோலக் வாசிப்பவர் வரவில்லை. இவர் எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அதை அவர் கழுத்திலிருந்து கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை. அப்படி வாசிப்பார்.

தொண்ணூற்று மூன்றில் நான் சித்தூரில் ஆர்கெஸ்ட்ரா ஆரம்பித்தபோது அவரைத் தேடிப் போய் அழைத்து வந்தேன். நான் கீபோர்டு, அவர் டோலக், மொத்தம் ஒன்பது பேர். கல்யாணம், விநாயக சவிதி என்று எங்கள் பக்கம் சொல்லும் விநாயகர் சதுர்த்தி, கங்கம்மா ஜாத்திரை என்று மூன்று மாவட்டம் சுற்றினோம். கச்சேரி தொடங்கும்போது ஒவ்வொருவர் பெயரையும் மைக்கில் சொல்வேன். பெயர் சொன்னதும் அவரவர் கைவரிசையைக் கொஞ்சம் காட்டுவது வழக்கம். தபலாக்காரர் இரண்டு நிமிடம் விடமாட்டார். முனிரத்தினம் நாலு தட்டுத் தட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார். பாடுகிறவர்கள் வேகம் எடுத்தால் மட்டும் கோபம் வரும். “ஓடாத, பாட்டு எங்கியும் போயிடாது” என்று மேடையிலேயே சொல்லிவிடுவார். பாடகிகள் அவர் முகத்தைப் பார்க்காமல்தான் பாடுவார்கள்.

பிறகு காலம் மாறியது. வீட்டுக்கு வீடு கேபிள் டி.வி. வந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் கேசட்டில் கேட்பதுபோல இருக்க வேண்டும் என்றார்கள், ஆனால் மேடையில் ஒன்பது பேர் எதற்கு என்றும் கேட்டார்கள். சென்னையில் ஒருவன் இரண்டு பாடகர்களையும் ஒரு கம்ப்யூட்டரையும் வைத்துக்கொண்டே கச்சேரி செய்கிறான் என்று கேள்விப்பட்டேன். தொண்ணூற்று எட்டில் நானும் சென்னைக்குப் போய் ஒரு பழைய பென்டியம் கம்ப்யூட்டர் வாங்கினேன். தூக்குவதற்குத் துணையாக வந்தவர் முனிரத்தினம்தான். அந்தக் கனமான மானிட்டரைப் பஸ்ஸில் கீழே வைக்க மாட்டேன் என்று சித்தூர் வரை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். தன் வேலைக்கு உலை வைக்கப்போகும் பெட்டி என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மே மாதத்தில் ஒரு நாள், டோலக்கைக் கம்ப்யூட்டரில் பதிவதற்காக அவரை என் அறைக்கு வரச் சொன்னேன். மைக்கில் சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். சித்தூர் வெயிலில் அது அறையா அடுப்பா என்று சொல்ல முடியாது. காலையில் உட்கார்ந்தவர் மதியம் வரை பதினான்கு வகைத் தாளம் வாசித்தார். பனியன் பிழியப் பிழிய நனைந்துவிட்டது. நடுவில் வெளியே லாரி ஹாரன் அடித்தால், சலிக்காமல் முதலிலிருந்து வாசித்தார். அதற்கு நான் செய்தது, மத்தியானம் ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்தது.

அந்த வருட விநாயக சவிதிக்கு நானும் இரண்டு பாடகர்களும் கம்ப்யூட்டரும் மட்டும் போனோம். முனிரத்தினத்தின் கை பெட்டிக்குள் இருந்தது, முனிரத்தினம் வீட்டில் இருந்தார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்வார். பார்ட்டி சின்னது அண்ணா, அடுத்ததற்குச் சொல்கிறேன் என்பேன். நாலாவது தடவைக்குப் பிறகு போன் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மறு வருடம் மனைவியையும் கைக்குழந்தை ரூபாவையும் கூட்டிக்கொண்டு அவர் பெங்களூர் போய்விட்டார். அபார்ட்மென்ட் ஒன்றில் செக்யூரிட்டி வேலை என்று கேள்விப்பட்டேன். நான் திருப்பதிக்கு வந்து, அலிபிரி போகும் ரோட்டில் கடை போட்டேன். பாடுகிறவர்களுக்குப் பின்னணி இசை மட்டும் பதிந்து விற்கும் கடை, நடுநடுவே கச்சேரிக்கும் போய்க்கொண்டிருந்தேன். கடையின் முதல் ஐந்து வருடத்து டிராக்குகளில் பாதிக்கு மேல் முனிரத்தினத்தின் டோலக்தான். அதில் ஒன்றின்மேலும் அவர் பெயர் கிடையாது.

இருபத்து நான்கு வருடம் கழித்து, போன வருடம் போன் வந்தது. குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது, தெரியாததுபோலப் பேசினேன். ரூபாவுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் கல்யாணம். அப்பா டோலக் வாசித்தவர் என்று அம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பெங்களூர் போன முதல் வருடமே அவர் டோலக்கை யாருக்கோ கொடுத்துவிட்டார். வரவேற்பில் அப்பா வாசித்தது ஒலிக்க வேண்டும் என்று பெண் அடம்பிடிக்கிறாளாம்.

“உன் பொட்டியில இருக்கும் இல்ல பூஷணம்?” என்றார்.

பழைய கம்ப்யூட்டர் பரணில் கிடக்கிறது, தேடி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றேன். அவர் இரண்டு நாளில் தானே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அவர் வருவதற்குள் எடுத்து, சுத்தம் செய்து, கையில் கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு நாளும் பரணை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அந்தத் தாளங்களை அவர் எதிரில் போட்டுக்காட்டத் தெம்பில்லாமல், ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிருக்க வேண்டும் என்று ஏழுமலையானை வேண்டிக்கொண்டேன். ஒரு பெண்ணின் கல்யாண ஆசை கெட வேண்டும் என்று சாமி கும்பிட்ட ஆள் நான்.

வெள்ளிக்கிழமை மதியம் வந்து நின்றார். தலை முழுக்க நரை. காலில் டியூட்டிக்குப் போடும் கறுப்பு ஷூ. நெற்றியில் குங்குமம். கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் காணிப்பாக்கம் விநாயகர் காலடியில் வைத்துவிட்டு நேராக வருகிறாராம். அவரே ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார்.

பெட்டிக்கு உயிர் இல்லை. ஹார்ட் டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி, ஒரு கன்வெர்ட்டர் வைத்து லேப்டாப்பில் மாட்டினேன். கர்ர் கர்ர் என்று இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்து, சுற்ற ஆரம்பித்தது. “உயிர் இருக்குதே” என்று அவர் முகம் மலர்ந்தது.

பதினான்கு ஃபைலும் திரையில் வந்தன. குத்து ஒன்று, மெலடி மூன்று என்று பெயர் வைத்திருந்தேன். அவை லேப்டாப்புக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது, இதில் தன்னுடையது எது என்று கேட்டார். எல்லாமே உன்னுடையதுதான் அண்ணா என்றேன். பேர் போடவில்லையா என்றார். குற்றமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் காலத்து கம்ப்யூட்டரில் எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாது என்றேன். அதுவும் பொய். எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் வைக்கலாம். எட்டே எழுத்து என்றாலும், முனி என்று ஆங்கிலத்தில் எழுத நாலு போதும்.

பக்கத்தில் இன்னொரு ஃபோல்டர் இருந்தது. அது என்ன என்று விரலால் காட்டினார். நான் யோசிக்காமல் திறந்து முதல் ஃபைலைத் தட்டிவிட்டேன். வெட்டி ஒட்டுவதற்கு முன்னால் அன்றைக்கு முழுசாகப் பதிந்தது அது. வைத்திருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஸ்பீக்கரில் முதலில் வந்தது தாளம் இல்லை, பேச்சு.

“பூஷணம், இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? எங்கள எல்லாம் வூட்டுக்கு அனுப்பிடுவியா?” என்று இளம் வயது முனிரத்தினம் சிரிக்கிறார்.

“இன்னாண்ணா நீ. பாடறவங்க ரிகர்சலுக்குத்தான். காணிப்பாக்கம் சாமி சத்தியமா.”

அது நான். என் குரல்தான்.

எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பங்காளித் தகராறோ திருட்டோ, ஊர்ப் பஞ்சாயத்தில் தீராத வழக்கு காணிப்பாக்கத்தில் தீரும். குளத்தில் முழுகி விநாயகர் முன்னால் சத்தியம் செய்யச் சொல்வார்கள். கொலைக்கு அஞ்சாதவன்கூட அங்கே பொய் சொல்ல அஞ்சுவான். நான் ஒரு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

நிறுத்துவதற்கு மவுஸைப் பிடித்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அழுத்தவில்லை, சும்மா பிடித்தார். சரி சரி, அதுக்குப் போயி சாமிய இழுக்காத என்று ஸ்பீக்கரில் அவர் குரல் சொன்னது. பிறகு தாளம் ஆரம்பித்தது. கடைசி வரை கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து ரோட்டுக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது, கை அவர் பிடியில் இருந்தது.

முடிந்ததும் நான் சொன்னேன். “அண்ணா, சத்தியம் பண்ணி உன்ன ஏமாத்திட்டேன். அத்த வச்சித்தான் இத்தினி வருசம் பொழச்சேன்.”

“தெரியும்.”

தெரிந்தது எப்படி என்று அவரே சொன்னார். பெங்களூர் போன மூன்றாம் வருடம், பலமநேரில் அவர் மச்சானுக்குக் கல்யாணம். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேடையில் பாட்டு ஆரம்பித்திருக்கிறது.

“என் கையி எனக்குத் தெரியாதா? எட்டிப் பாத்தா நீ நின்னுகினு இருக்க. நீ என்னப் பாத்தா கூசிப் போவேன்னு பின்னாடி வழியா போயிட்டேன். பர்வாலேதுப்பா, வுடு.”

அந்தக் கச்சேரி எனக்கு நினைவில்லை. நான் கூசக் கூடாது என்று ஒரு மனிதர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருக்கிறார், எனக்கு அந்தக் கல்யாணமே நினைவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை.

“ஆனா ஒண்ணு” என்றார். “அந்தக் குத்துல, ஏழாவது சுத்துல இடது கை தப்பி வுழுது. அத்தயே வெட்டி எல்லாப் பாட்டுலயும் போட்டுக்கினு இருந்த. ஒரு போன் பண்ணியிருந்தா பஸ் ஏறி வந்து திருப்பி வாசிச்சிட்டுப் போயிருப்பேனே.”

அந்தத் தப்பு எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். மற்றதிலெல்லாம் லாரிச் சத்தம் விழுந்திருந்ததால்தான் அதை எடுத்தேன். திருப்பி வாசிக்கக் கூப்பிட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும். சொல்ல வாய் இல்லாமல், ஊர் ஊராக அவர் தப்பை ஒலிக்கவிட்டேன்.

ஏதாவது செய்தாக வேண்டும்போல எனக்குப் பரபரத்தது. இப்போதே சரிசெய்துவிடலாம் அண்ணா என்று அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கினேன். மூன்றாவது சுற்றில் சரியாக விழுந்த இடது கையை நகல் எடுத்து ஏழாவதின் மேல் ஒட்டினேன். அரை நிமிடம் ஆகவில்லை. போட்டுக் காட்டினேன். தப்பு இல்லை.

அதுவரை அவர் இடது கை அவர் தொடைமேல் அந்தச் சுற்றைத் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது.

“அவ்ளோதானா?” என்றார்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் செய்ததையே, அவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு இன்னொரு தடவை செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒட்டியதை அவசரமாக நீக்கினேன். பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் டோலக் இருக்கிறது, வாங்கி வருகிறேன், நீயே வாசி அண்ணா என்றேன். மைக்கைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

அவர் இடது கையைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார்.

“இப்ப அந்தத் தப்பு கூட என் கைக்கு வராது பூஷணம்” என்றார். “அப்பிடியே குடு, ரூபா கேக்கட்டும்.”