அரை நூல் குறைவு

‘வெர்லின் ஸ்டோட்ஸ். பேஸ்பால் அட்டை மதிப்பீட்டாளர். யாருக்கும் அஞ்சாதவர். அளவுகோல் சொல்வதைத் தவிர வேறெதுவும் சொல்லாதவர்.’

மில்பர்ன் தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடந்த அட்டைச் சந்தைக்காக, அட்டை சேகரிப்போர் சங்கத்தார் அடித்து ஒட்டியிருந்த அறிவிப்பு இது. எதிரே வாத்து வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போகிறவர் வெர்லின். அறிவிப்பு எழுதியவர்கள் அவரை நன்றாக அறிந்தவர்கள்தான். அதனால்தான் எழுதினார்களோ என்னவோ.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு அது. ஒஹையோவில் பாதிப்பேர் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பை அட்டைகளிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்களின் படம் போட்டு, பபிள்கம்மோடு லட்சக்கணக்கில் அச்சடித்து விற்ற அட்டை. அம்மாக்கள் குப்பையில் போட்டதால் மிச்சமிருப்பவை பொக்கிஷமாகிவிட்டன.

ராய்ஸ் கெல்லர்மன் தன் பொக்கிஷத்தை மேசையில் வைத்தான். பத்து வயதில் கிடைத்தது.

“நல்லா பாருய்யா வெர்லின். வாங்கப்போற கிளீவ்லாந்துக்காரன் அங்க காத்துக்கிட்டிருக்கான். நான் போய் காப்பி வாங்கிட்டு வரேன். கண்ணு, நீ அட்டைய விட்டு நகராத!”

கண்ணு என்றது மனைவி நடீனை. போன குளிர்காலத்தில் இறைச்சி தீய்ந்ததற்காகச் சமையலறைக் கதவை உதைத்து உடைத்தவன் அவன். அன்று முதல் நடீன் கதவுக்கு நேராக நிற்பதில்லை.

வெர்லின் உறையிலிருந்து அட்டையை எடுத்தார். புதுக் கண்ணாடிச் சட்டம் போடுவதற்காக இலையுதிர் காலத்தில் ஒரு வாரம் அவர் வீட்டில் இருந்த அட்டைதான். அப்போது மூலைகள் மழுங்கியிருந்தன. இப்போது ஊசி மாதிரி இருந்தன. அதே வரிசை அட்டை இன்னொன்றின் மேல் வைத்துப் பார்த்தார். அகலத்தில் அரை நூல் குறைந்தது.

“ஓரமெல்லாம் நைஞ்சு கிடந்துச்சுங்க,” என்று நடீன் குனிந்து கிசுகிசுத்தாள். “ஆல்பத்துக்குப் படம் வெட்டுற கத்தியால நேராக்கிட்டேன். அவருக்குத் தெரியாது. இப்ப விலை கூடுமில்ல?”

நைந்த ஓரத்தோடு இருந்தால் விலை. வெட்டினால் வெறும் காகிதம். வெர்லினின் முகமே அதைச் சொல்லிவிட்டது. நடீனின் உதடு வெளுத்தது.

“அவர்கிட்ட சொல்லிடாதீங்க. நான் அவரோடதான் வீட்டுக்குப் போகணும்.”

நல்ல அட்டை என்று சொல்லிவிடலாம். கிளீவ்லாந்துக்காரர் உருப்பெருக்கியோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பொய்க்கு மூன்று மேசை தூரம்தான் ஆயுள்.

ராய்ஸ் வந்தான். “என்னய்யா, பேய் அறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க?”

“வெட்டியிருக்கு, ராய்ஸ்.”

“என்னது?”

“ஓரத்த யாரோ வெட்டியிருக்காங்க. இத விக்க முடியாது.”

காப்பிக் கோப்பை மேசையில் இடித்த வேகத்தில் சுற்றியிருந்தவர்களின் பேச்சு நின்றது. ராய்ஸ் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினான். “நம்ம வீட்டுல இப்படி நேரா வெட்டுற கத்தி யார்கிட்ட இருக்கு, கண்ணு?”

நடீன் தரையைப் பார்த்தாள். சிறுநீர் கழிக்கப் போவதாகச் சொல்லி எழுந்துவிடலாமா என்றுகூட வெர்லின் யோசித்தார். எழுந்தும் விட்டார்.

“ராய்ஸ், அது நான்தான். எங்க வீட்டுல இருந்தப்போ. சட்டத்துக்குள்ள நுழையல.”

தான் வெட்டாத அட்டையை வெட்டியதாக, எல்லோர் முன்னிலையிலும், ராய்ஸ் கெல்லர்மனின் முகத்தைப் பார்த்து, வெர்லின் ஸ்டோட்ஸ் சொன்னார்.