கால் தூக்கும்போது ஊது

எங்கள் அக்காவின் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். மற்ற கப்பல்காரர்கள் ஊருக்கு வரும்போது சென்ட்டும் சோப்பும் கொண்டுவருவார்கள். எங்கள் மச்சான் தென்னமெரிக்காவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி ஒரு பாட்டு கேசட் வாங்கி வந்தார். கப்பல் வேலையை விட்டு சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் பார்க்க ஆரம்பித்த பிறகும் அவருக்கு அந்த கேசட்தான் உயிர்.

அது ராக் பாட்டு. ஆனால் கிடாரை மட்டும் வைத்துக் கத்துகிற ராக் இல்லை. உள்ளே ட்ரம்பெட் உண்டு, பெரிய குழல்கள் உண்டு. திடீரென்று ஒரு தெருவே மேளத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது மாதிரி அடி விழும். அது அந்த ஊர்த் திருவிழா மேளம் என்பார் மச்சான். அதில் வருகிற ரெகே, ஸ்கா என்ற இரண்டு தாள வகைகளைப் பற்றி எனக்கு அவர் பாடமே எடுத்தார்.

"மாப்ள, ரெகேன்னா சோத்தத் தின்னுட்டு வெத்தல போட்டு நடக்குறது. ஸ்கான்னா பஸ்ஸப் பிடிக்க ஓடுறது. அம்புட்டுதான் வித்தியாசம்."

எனக்கு அப்போது தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. ஒரு வார்த்தையும் புரியாத அந்தப் பாட்டுக்கு விரல் தானாகத் தாளம் போடும். வக்கீல் ஒருமுறை என் விரலைப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதும் சுகமில்லையா என்று கேட்டார்.

சண்டை வந்தது கோச்சடையில் நாங்கள் புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று. வாசலில் மைக் செட் கட்டி, எங்கள் வீட்டு டேப்பை அதில் மாட்டியிருந்தோம். சாமி பாட்டு முடிந்து பந்தி தொடங்கும் நேரத்தில் மச்சான் தன் கேசட்டைப் போட்டுவிட்டார். குழாய் ஸ்பீக்கர் கோச்சடைக்கே தென்னமெரிக்காவைக் காட்டியது. என் அப்பா கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எல்லாவற்றிலும் முறை வேண்டும். விறுவிறுவென்று போய், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் வயரைப் பிடுங்கினார்.

"நல்ல காரியத்துல என்ன கருமம் இது?"

மச்சான் இலையில் வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்து செருப்பைப் போட்டார். வீட்டு மருமகன் சாப்பிடாமல் எழுந்து போனால் எங்கள் பக்கம் அது சாதாரண விஷயம் இல்லை. வாசலில் நின்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"இனி இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன். உங்க அப்பா என் வீட்டுக்கு வந்தாலும் நான் முன்னால வந்து நிக்க மாட்டேன்."

சொன்னபடியே இருந்தார். அக்கா மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து போவாள். கேசட் எங்கள் வீட்டு டேப்பிலேயே தங்கிவிட்டது. திருப்பிக் கொடுத்தால் உறவையே திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று அம்மா அதைத் தொடவிடவில்லை. அப்பா இல்லாத நேரம் பார்த்து நான் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பேன்.

பிறகு அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. நான் ஒரே தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதற்கு முன்னால் நாங்கள் தெரு முனையிலிருந்து பேண்டு செட்டோடு சீர்த்தட்டு தூக்கிப் போக வேண்டும். பிள்ளையின் தகப்பன் முனைக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டு அழைத்துப் போக வேண்டும். அவர் வராமல் சீர் வீட்டுக்குள் நுழையக் கூடாது. அக்கா முந்தின வாரமே வந்து அழுதாள்.

"தம்பி, அந்த மனுசன் வீம்பு பிடிச்ச ஆளு. ஊரே பாக்க நீங்க முனையில நின்னுட்டுத் திரும்பிப் போனீங்கன்னா, அதுக்கப்புறம் எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்காதுடா."

அவள் அழுததை என்னால் தாங்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். டேப்பைத் தூக்கிக்கொண்டு டவுனில் நாங்கள் பேசி வைத்திருந்த பேண்டு செட்காரர்களிடம் போனேன். கேசட்டின் முதல் பாட்டான ஸ்காவைப் போட்டேன். ட்ரம்பெட் ஊதுகிற அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார்.

"இது என்ன பாஷை தம்பி?"

"பாஷைய விடுங்கண்ணே. ட்ரம்பெட்ட மட்டும் பிடிங்க."

பிடித்துவிட்டார்கள். அவர்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாசித்ததைக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. மச்சான் காதில் இது விழுந்தால் வீம்பெல்லாம் கரைந்து கண்ணீரோடு ஓடி வருவார் என்று மனக்கோட்டை கட்டினேன்.

காதுகுத்து அன்று காலை சோழவந்தானில், தெரு முனைக்குக் கொஞ்சம் தள்ளி வேனை விட்டு இறங்கினோம். பழம், பூ, பட்டுப்பாவாடை, வெற்றிலை எல்லாம் தட்டில். சோழவந்தான் வெற்றிலையை மதுரை மார்க்கெட்டில் வாங்கி மறுபடி சோழவந்தானுக்கே கொண்டுபோனது எங்கள் அம்மாவின் சாமர்த்தியம். அப்பா வெள்ளை வேட்டியில், பழத்தட்டைப் பிடித்தபடி விறைப்பாக நின்றார். முனையில் மச்சானின் பங்காளிகள் நின்றார்கள், பிள்ளைகள் நின்றார்கள். மச்சானைக் காணோம். கொல்லைப்பக்கம் கறி வேகிற இடத்தில் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு அக்கா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆரம்பிங்கண்ணே," என்றேன்.

ஆரம்பித்தார்கள். உட்கார்ந்து வாசித்தபோது வந்த பாட்டு இது இல்லை. பல வருஷமாக ஊர்வலம் போன கால்கள் அவை. கால் தரையில் விழும் இடத்தில்தான் அவர்களுக்கு ஊத வரும். அந்தப் பாட்டுக்கோ கால் மேலே இருக்கும்போது ஊத வேண்டும். நடக்க ஆரம்பித்ததும் கால் பாட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஸ்கா போய் போலீஸ் பரேடு வந்துவிட்டது. தெருவில் சிலர் சிரித்தார்கள். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். நல்ல காரியத்தைக் கெடுத்த குடும்பம் என்று பேர் வாங்குவதில் இந்த முறை என் பங்கு என்று நினைத்தேன். அழைக்க மச்சான் வராததால் பங்காளிகள் வழிவிடாமல் நின்ற முனையில் நாங்களும் நின்றோம். பேண்டு செட் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்து, தப்புத் தப்பாக முழக்கியது.

அப்போது வீட்டின் பக்கச் சந்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஏய், நிறுத்துங்கய்யா!"

மச்சான் ஓடி வந்தார். சட்டை இல்லை, இடுப்பில் துண்டு, கையில் குழம்புக் கரண்டி. முகம் சிவந்திருந்தது. எங்களை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே ட்ரம்பெட் அண்ணன் முன்னால் போய் நின்றார்.

"என்னய்யா ஊதுறீங்க? யாரு சொல்லிக் குடுத்தது? காலு கீழ விழுறப்ப இல்ல, தூக்குறப்ப ஊதணும்! இங்க பாருங்க!"

கரண்டியை வீசிக்கொண்டு நடந்து காட்டினார். கால் மேலே போகும்போது கரண்டி கீழே வெட்டியது. "தூக்கு, ஊது! தூக்கு, ஊது!" ட்ரம்பெட் அண்ணன் தடுமாறினார், பிறகு பிடித்தார். அடுத்து மேளம் பிடித்தது. தெருவே ஒரு குதி குதித்தது என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் துள்ள ஆரம்பித்தார்கள், பங்காளிகள் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்கள். மச்சான் பேண்டு செட்டைப் பார்த்தபடி பின்பக்கமாகவே அடி வைத்து நடந்தார். பேண்டு செட் அவரைத் தொடர்ந்தது. சீர்த்தட்டோடு நாங்கள் பேண்டு செட்டைத் தொடர்ந்தோம். என் அம்மா உட்பட யாருமே நேராக நடக்கவில்லை.

பாட்டு முடிந்தபோது மச்சானின் குதிகால் வீட்டு வாசற்படியில் முட்டியது. திரும்பிப் பார்த்தார். அக்கா சிரிப்பும் அழுகையுமாக ஆரத்தித் தட்டைப் பிடித்திருந்தாள். சீர் முழுவதையும் தானே அழைத்து வந்துவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எதிரே பழத்தட்டோடு என் அப்பா.

அப்பாதான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, இவங்களுக்கு முதப் பாட்டு மட்டுந்தான் சொல்லிக் குடுத்திருக்கான் இந்தப் பய. மூணாவது பாட்டுதான் நடக்கிறதுக்குத் தோது. மெதுவாப் போகும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இல்லாத நேரம் பார்த்து அப்பா எத்தனை நாள் அதைக் கேட்டாரோ!

மச்சான் கரண்டியை என் கையில் திணித்தார். துண்டை அவிழ்த்துத் தோளில் போடப் போனவர், கீழே கைலி கட்டியிருக்கிறோமா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு அப்பாவின் கையிலிருந்த தட்டை வாங்கினார்.

"அதுதான் ரெகே மாமா," என்றார். "உள்ள வாங்க."